தண்ணீரில் அழுத்திய கை

எங்கள் அப்பா மலை ஏறியது துரையைப் பார்த்துத்தான். இதை நான் எங்கே சொன்னாலும் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். தேனீ கொட்டியது அவர்களை அல்ல.

மலாயாவில் பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கிராணியாக, கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தார். விடிவதற்கு முன்னால் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கு எடுப்பதிலிருந்து சாயங்காலம் ஆபீஸைப் பூட்டுவது வரை அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்கு மேலே வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான். அந்தத் துரை லீவு கிடைத்தால் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறப் போவார். ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கைத்தடியோடு போய், முகமெல்லாம் சிவந்து திரும்பி வருவார்கள். அந்தக் கதையை அப்பா வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லுவார். துரையின் சின்ன மகள் அழாமல் ஏறினாளாம், துரை அவளைத் தோளில் தூக்கிக்கொண்டாராம். சொல்லும்போது அப்பாவின் குரலில் ஓர் ஆசை இருக்கும். பிள்ளைகளோடு சிரித்துப் பேச அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது, வழிதான் தெரியவில்லை. மலையில் ஏறினால் அது வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்பா அடிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ரோத்தான் பிரம்பு தொங்கும். பாடம் சொல்லத் தெரியாவிட்டால் அடி, சோற்றைச் சிந்தினால் அடி, அடிக்கும்போது அழுதால் அதற்குத் தனியாக அடி. அம்மாவை அடிக்கும்போது மட்டும் ரோத்தானை எடுக்கமாட்டார், கையால்தான். அதை ஒரு மரியாதை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தோட்டத்தில் இது யாருக்கும் பெரிய விஷயமில்லை. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீட்டிலும் சத்தம் கேட்கும். கிராணி வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். நான் மூத்தவள், எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஏழு, தம்பிக்கு நான்கு முடியவில்லை. எனக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து காய்ச்சலில் போய்விட்டார்கள். அதனால் தம்பி என்றால் அம்மாவுக்கு உயிர். அந்த வருடமும் அவனுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து, கொயினா மருந்து கொடுத்துக் கொடுத்து, பங்குனியில்தான் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தான். கழுத்து ஒடிந்துவிடும்போல இருப்பான். இருமினால் அம்மா செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள்.

சித்திரை வருடப் பிறப்புக்கு அப்பாவுக்குச் சில நாள் லீவு கிடைத்தது. எல்லாரும் ரயிலேறிக் குளுவாங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகிறோம், அங்கிருந்து ஒரு நாள் லம்பாக் மலை ஏறுகிறோம் என்றார். அம்மா பிள்ளை உடம்பைச் சொல்லி மறுத்தாள். மலைக்காற்று உடம்புக்கு நல்லது, துரையே சொன்னார் என்றார் அப்பா. சும்மா ஏறி இறங்குவதற்கு நமக்கென்ன கிறுக்கா என்று அம்மா கேட்டதற்கு ஓர் அறை கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் வேறு வழியில் வந்தாள். மலை என்றால் அங்கே முருகன் இருப்பார் என்பது அம்மாவின் கணக்கு. மலாய் நாட்டு மலையானாலும் கணக்கு மாறாது. தம்பி பிழைத்ததற்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, மலையில் தேங்காய் உடைத்துச் சாம்பிராணி போட்டுக் கும்பிடுவதானால் வருகிறேன் என்றாள். அப்பா ஒத்துக்கொண்டார். இப்படித்தான் துரையின் மலையேற்றமும் அம்மாவின் வேண்டுதலும் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

காலையில் கிளம்பினோம். அப்பா அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் காலுறை, சோலா தொப்பி, கோட்டு. கையில் தடி. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு துணிப் பையில் தேங்காய், பழம், கற்பூரம், சாம்பிராணி, தணல் போட ஒரு பால் டின், தேங்காய் மட்டை எல்லாம் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையில் பித்தளைச் செம்பு. சாமிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கண்ட பாத்திரத்திலும் எடுக்க மாட்டாள். எங்களைப் பார்த்து அத்தையே சிரித்துவிட்டாள். பாதி ஆள் சீமைக்குப் போகிறது, பாதி ஆள் கோயிலுக்குப் போகிறது என்றாள்.

ரப்பர் பால் மரங்கள் முடிந்து காடு தொடங்கியதுமே ஏற்றம் வந்துவிட்டது. வேரைப் பிடித்துப் பிடித்து ஏற வேண்டும். மண் ஈரம். அட்டைகள் இலையிலிருந்து நிமிர்ந்து ஆளைத் தேடும். தங்கையின் கணுக்காலில் ஒன்று புகுந்துகொண்டது, அவள் கத்தினாள். அப்பா தடியால் அட்டையை அடித்தார். அட்டை விழவில்லை, தங்கையின் கால் வீங்கியது. கத்தினதற்கு இன்னொன்று. "துரை புள்ள கத்தல, நீ என்ன கத்துற?" என்றார். துரை பிள்ளை காலில் பூட்ஸ் இருந்தது. எங்கள் காலில் ஒன்றும் இல்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தடி என் பக்கம் திரும்பியிருக்கும்.

தம்பியை அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. அவர் ஏதோ இங்கிலீஷ் பாட்டு முணுமுணுத்தார், தம்பி அவர் தொப்பியைத் தட்டிச் சிரித்தான். அந்தச் சில நிமிடங்கள் அப்பா நினைத்தபடியே எல்லாம் நடந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு தம்பி அவர் தோளிலேயே வாந்தி எடுத்தான். அப்பா அவனை இறக்கி நிறுத்தி, முதுகில் ஒரு போடு போட்டார். அம்மா ஓடி வந்து அவனை அணைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. இந்தக் கை என்றைக்காவது ஒரு நாள் இவனைக் கொன்றுவிடும் என்று அவள் அப்போதே நினைத்திருக்கிறாள்.

உச்சிக்கு நாங்கள் போகவேயில்லை. பாதிக்கு மேலே ஒரு சிற்றோடை வந்தது. ஓடை ஒரு பாறையை ஒட்டி இறங்கி, என் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குட்டையாகத் தேங்கி, அப்புறம் கீழே போனது. பாறை உயரமாக, மேலே முன்பக்கம் துருத்திக்கொண்டு, கூரை போட்டதுபோல் இருந்தது. அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். இதுதான் இடம் என்றாள். வாந்தி பட்ட கோட்டைக் கழுவ வேண்டியிருந்ததால் அப்பாவும் மறுக்கவில்லை. குளிக்காமல் கும்பிடக்கூடாது என்பதால் ஆளுக்கு இரண்டு செம்புத் தண்ணீரை அம்மா தலையில் ஊற்றினாள். பாறையின் அடியில் ஒரு கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தாள். முருகன் வந்துவிட்டார்.

தேங்காய் மட்டை ஈரத்தில் ஊறியிருந்தது. பற்ற வைத்தால் தணல் வரவில்லை, புகைதான் வந்தது. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. உலர்ந்த இலைகளை அள்ளிப் போட்டு, சாம்பிராணியை மொத்தமாகக் கொட்டி, தன் சோலா தொப்பியால் விசிறினார். புகை கட்டியாக எழுந்து, பாறையைத் தடவிக்கொண்டு நேரே மேலே போனது. தங்கைதான் முதலில் பார்த்தாள். மேலே கறுப்பாக, கதவு அகலத்துக்கு என்னவோ தொங்குகிறது என்றாள். சாமி கும்பிடும்போது வாயை மூடு என்று அப்பா அதட்டினார். பிறகு தேங்காயை ஓங்கிப் பாறையில் உடைத்தார்.

"மழ வருது போலிருக்கு," என்றாள் அம்மா.

உண்மையிலேயே மழை வருகிற சத்தம்தான். காட்டுக்கு மேலே தூரத்திலிருந்து நெருங்கி வருகிற மழைக்கு அப்படி ஓர் இரைச்சல் உண்டு. ஆனால் அது நெருங்கி வரவில்லை, தலைக்கு மேலிருந்து விழுந்தது. அந்தக் கறுப்பு அப்படியே பிரிந்து எங்கள் மேல் கொட்டியது. மலைத்தேனீ. ஒவ்வொன்றும் விரல் கணு நீளம் இருக்கும். கூட்டுக்கு அடியில் நாங்கள் புகை போட்டிருக்கிறோம்.

முதலில் அப்பாவின் தலைதான். தலை இருந்த இடத்தில் தேனீதான் தெரிந்தது. எனக்குக் கண் இமையில் ஒன்று, உதட்டில் ஒன்று, அப்புறம் எங்கே என்று தெரியவில்லை. அடி எனக்குப் பழக்கம். இது அடி அல்ல, பழுக்கக் காய்ச்சிய ஆணியை அடிக்கிற மாதிரி. தங்கை சத்தமே போடவில்லை, வாயைத் திறந்தால் உள்ளே போனது. அம்மாவின் ஈரக் கூந்தலில் தேனீக்கள் சிக்கிக்கொண்டு வெளியே வர முடியாமல் கொட்டின. அவள் தலையைப் பாறையில் முட்டிக்கொண்டாள், கையால் மயிரைப் பிய்த்துக்கொண்டாள், கண் தெரியாமல் எங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே எதிர்ப் பக்கம் ஓடினாள்.

அப்பா என் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் குட்டையில் எறிந்தார். என் மேலேயே தங்கை வந்து விழுந்தாள். "முங்கு, முங்கு," என்று கத்தினார். நாங்கள் முங்கினோம். மூச்சு முட்டி எழுந்தால் மேலேயே காத்திருந்து முகத்தில் கொட்டின. மறுபடி முங்கினோம். அப்படி எழுந்த ஒரு தடவைதான் நான் அதைப் பார்த்தேன். அப்பா தண்ணீரில் மண்டிபோட்டிருக்கிறார். இரண்டு கையாலும் தம்பியைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்திருக்கிறார். தம்பியின் கால்கள் உதைக்கின்றன. அப்பாவின் முதுகும் தலையும் கறுப்பாக மூடிக் கிடக்கின்றன, அவர் அவற்றைத் தட்டிவிடக்கூட இல்லை. ஒரு நொடி தம்பியை வெளியே தூக்கினார். அவன் மூச்சு இழுப்பதற்குள் வாயிலும் மூக்கிலும் தேனீ அப்பியது. அப்பா மறுபடி அவனை உள்ளே அழுத்தினார்.

அழுத்திய அந்த நேரத்தில்தான் அம்மா வந்து சேர்ந்தாள். வெளியே தூக்கியதை அவள் பார்க்கவில்லை. அவள் கண் இரண்டும் வீங்கி, ஒரு கண்ணில் கீற்று அளவுதான் வெளிச்சம். அந்தக் கீற்றில் அவளுக்குத் தெரிந்தது புருஷனின் கையும், தண்ணீருக்குள்ளே உதைக்கிற பிள்ளையின் காலும்தான். வாந்தி எடுத்ததற்கு முதுகில் போட்ட கை. அட்டைக்குக் கத்தியதற்குத் தடியை ஓங்கிய கை. அவளை எத்தனையோ தடவை அறைந்த கை. அடிக்கும்போது மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு கையை, காப்பாற்றும்போது அவளுக்கு எப்படி அடையாளம் தெரியும்?

குட்டைக் கரையில் வைத்த செம்பு அவள் கையில் தட்டுப்பட்டது. அதை ஓங்கி அப்பாவின் தலையில், காதுக்குப் பின்னால் அடித்தாள். அவர் பிடியை விடவில்லை. மறுபடி அடித்தாள். "விடுடா எம்புள்ளய," என்றாள். அப்பாவை அவள் ‘டா’ போட்டது அதுதான் முதலும் கடைசியும். மூன்றாவது அடியில் செம்பு நசுங்கி, அப்பா பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீருக்குள் போனார். தண்ணீர் சிவந்தது. தூக்கியதையும் பார்த்தவள் நான், அவர் ஏன் அழுத்தினார் என்று தெரிந்தவள் நான். ஆனாலும் அந்த அடி விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா தம்பியை வெளியே இழுத்தாள். அவன் உதட்டில் நீலம் பாரித்திருந்தது. கை கால் தொங்கியது. அவள் அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தாள். பிள்ளையை அவள் அடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அறைந்து அறைந்து, அவன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டி, இருமி, கடைசியில் அழுதான். அழுகை வந்ததும் அம்மா அவன் மேல் கவிழ்ந்துகொண்டாள். தேனீக்கள் அவள் முதுகுக்கு மாறின.

அப்பா எழுந்தார். காதிலிருந்து தோள் வரைக்கும் ரத்தம். அம்மாவைப் பார்த்தார். அடித்தே கொன்றுவிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் கழுவிப் பாறையில் போட்டிருந்த கோட்டை எடுத்துத் தண்ணீரில் முக்கி, அம்மாவையும் தம்பியையும் சேர்த்து மூடினார். பிறகு ஒரு கிளையை ஒடித்து, எங்களை ஆடு மாடு ஓட்டுவதுபோல் காட்டுக்குள் இறக்கிவிட்டார். நாங்கள் உருண்டும் விழுந்தும் இறங்கினோம். அவர் கடைசியில் வந்தார். மரங்கள் அடர்ந்த இடத்தில் இரைச்சல் குறைந்து, அப்புறம் நின்றது. அடிவாரத்தில் ஒரு மலாய்க்காரர் எங்களைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் மாட்டு வண்டியைப் பூட்டினார். வண்டியில் அப்பா குப்புறப் படுத்துக் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் இடுக்கியால் கொடுக்குகளைப் பிடுங்கினார். அப்பா முதுகிலிருந்து பிடுங்கியவற்றை ஒரு கிண்ணத்தில் போட்டார், கிண்ணம் கறுத்தது. காய்ச்சலில் அப்பா உளறினார், மூச்சு இழுத்தது. பிழைப்பது கடவுள் கையில் என்றார்கள். பிழைத்துவிட்டார். தலையில் எப்படி அடி பட்டது என்று டிரஸ்ஸர் கேட்டபோது அம்மா பக்கத்தில்தான் நின்றாள். பாறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார் அப்பா. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துக் காது அவருக்கு அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அத்தை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அப்பாவைக் கொண்டாடினார்கள். தன் உடம்பைக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றினார் என்றார்கள். அவர் தண்ணீரில் அழுத்தியதால்தான் தம்பி பிழைத்தானா, அம்மா அடித்துப் பிடுங்கியதால்தான் பிழைத்தானா? இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் தேனீ கொன்றிருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தால் தண்ணீர் கொன்றிருக்கும். இதைப் பற்றி யாராவது தீர்ப்புச் சொல்ல வந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அங்கே இருந்தவர்கள் நாங்கள்.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். அம்மா அவர் காதுக்குப் பின்னால் கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நா அவனக் கொல்லுறேன்னா நெனச்ச?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாங்க," என்றாள் அம்மா. மருந்து போடுகிற கை நிற்கவில்லை.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். கண் தெரியவில்லை, பயத்தில் கை ஓங்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், நம்பத்தான் கேட்டார். அவள் சொல்லவில்லை. அப்பா தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். எனக்கும் தங்கைக்கும் ரோத்தான் விழுந்துகொண்டுதான் இருந்தது. அம்மா மேல் மட்டும் கை வைக்கவில்லை. தம்பியைத் தொடவே இல்லை. அடிக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. அவன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவன் விட்டுவிடும் வரைக்கும் அப்படியே நிற்பார். தம்பிக்கு அது புரியவில்லை. தான் என்ன தப்புச் செய்தேன் என்று என்னிடம் கேட்டான்.

வருடக் கடைசி மழையில் அவனுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. பாயில் கிடந்து அப்பா, அப்பா என்று அனத்தினான். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து அவன் நெற்றியில் கை வைத்திருந்தாள். அப்பா ஆபீஸிலிருந்து நனைந்துகொண்டே வந்து, சட்டையை மாற்றாமல் நிலைப்படியில் நின்றார். பிள்ளை கூப்பிடுகிறான், நெருப்பாகச் சுடுகிறது என்றாள் அம்மா. அப்பா உள்ளே வந்து பாய்க்குப் பக்கத்தில் மண்டிபோட்டார். கையைத் தூக்கினார். பாதியில் அது நின்றது.

"தொடட்டுமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா அந்தரத்தில் நின்ற அந்தக் கையைப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தம்பி மறுபடியும் அப்பா என்றான்.

"தொடுங்க," என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, பிள்ளையின் நெற்றியிலிருந்து தன் கையை அவள் எடுக்கவில்லை.